வடக்குச் சுவரோரம் ஒரு மீட்டர் கேஜ்

(பொங்கல் விழாவையொட்டி நடந்த சங்க உறுப்பினர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



செயலாளர் எனக்கு இருபது நிமிடம் கொடுத்திருக்கிறார். வடக்குச் சுவரோரம் ஓடுகிற ரயிலைப் பற்றி உங்களில் பலர் என்னிடம் கேட்பது இரண்டு கேள்விகள்தான். என்ன செலவாயிற்று? அந்த இடத்தில் பேவர் பிளாக் போட்டு வண்டி நிறுத்தலாமே, எதற்கு இது? இரண்டுக்கும் பதில் சொல்கிறேன். "அறுபதுக்கு மேலே இது என்ன விளையாட்டு" என்ற மூன்றாவது கேள்வி என் வீட்டம்மா கேட்பது. அதற்கு என்னிடம் பதில் இல்லை.

முதலில் அளவு. இந்த மாதிரித் தண்டவாளத்தின் அகலம் 45 மில்லிமீட்டர். தோட்டத்து ரயில் வைக்கிறவர்கள் உலகம் முழுக்க அதிகமாகப் பயன்படுத்தும் அகலம் இது. ஜெர்மனியில் எல்.ஜி.பி. என்ற கம்பெனி 1968-ல் இந்த அகலத்தில் ரயில்களைக் கொண்டுவந்தபோது 22.5-ல் ஒரு பங்கு என்று அளவு வைத்தது. 45-ஐ 22.5-ஆல் பெருக்கிப் பாருங்கள், 1,012 மில்லிமீட்டர் வரும். அதாவது நம்ம மீட்டர் கேஜ்! தாம்பரம் லைனில் இருக்கும் நமக்கு மீட்டர் கேஜ் என்றால் என்ன என்று சொல்லித் தரவேண்டியதில்லை. 1931-லிருந்து கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் மின்சார ரயில் அந்தப் பாதையில்தான் ஓடியது. 2004-ல் அது நின்றுபோனது. முப்பது வருஷம் அந்த வண்டியில் நின்றுகொண்டே வங்கிக்குப் போனவன் நான். முன்வரிசைப் பிள்ளைகள் யாரும் அதைப் பார்த்ததில்லை.

நமக்குக் கிடைத்த இடம் 28 அடி நீளம், 6 அடி அகலம். பழைய குளியலறை இடித்த கற்கள் கொட்டிக் கிடந்த இடம். அதில் நீள்வட்டமாக ஒரு சுற்றுப் போட்டிருக்கிறோம். இரண்டு முனையிலும் வளைவின் ஆரம் 60 சென்டிமீட்டர். இரண்டு நேர்ப்பாதையும் 22 அடி. மொத்தச் சுற்று 56 அடி, மீட்டரில் சொன்னால் 17-க்குச் சற்று மேல். பாயின்ட்ஸ் கிடையாது. அதை வீட்டில் செய்வது பெரிய வேலை, வாங்கினாலும் விலை அதிகம்.

கடையில் விற்கும் தண்டவாளம் பித்தளை, அதுவும் இறக்குமதி. 56 அடிக்கு அதை வாங்கியிருந்தால் நான் இந்த மேடையில் நிற்க முடியாது, பொருளாளர் விடமாட்டார். நாங்கள் எடுத்தது 12 மில்லிமீட்டர் உயரம், 3 மில்லிமீட்டர் கனமுள்ள அலுமினியப் பட்டை. ஜன்னல், கதவு செய்கிற கடையில் 12 அடி நீளத்தில் கிடைக்கும். ஒரு மீட்டருக்கு 97 கிராம்தான் எடை. இரண்டு பக்கமும் சேர்த்து 35 மீட்டர், மூன்றரை கிலோவில் முடிந்துவிட்டது. பட்டையைக் குத்தாக நிறுத்தி, கட்டையில் போட்ட பள்ளத்தில் இறக்கி, எபாக்ஸி பசை வைத்து ஒட்டினால் தண்டவாளம் தயார்.

கட்டைகளை நம் தச்சர் வீசி எறிந்த தேக்கு, வேங்கைத் துண்டுகளிலிருந்து அறுத்தோம். மீட்டர் கேஜ் மரக்கட்டையின் நீளம் ஆறு அடி. 22.5-ஆல் வகுத்தால் 8 சென்டிமீட்டர். கனம் மட்டும் அளவை விடக் கூட வைத்தோம், 10 மில்லிமீட்டர். அதில் 5 மில்லிமீட்டர் ஆழத்துக்கு இரண்டு வெட்டு, உள்விளிம்புகளுக்கு இடையே 45. எல்லாக் கட்டையிலும் வெட்டு ஒரே இடத்தில் விழவேண்டும் என்பதால், ஒரு மரப்பெட்டியில் காடி வெட்டி அதற்குள் வைத்து அறுத்தோம். நாலு சென்டிமீட்டருக்கு ஒன்று என்று 430 கட்டைகள். ரம்பம் பிடித்தது பெரியவர்கள். கறையான் மருந்தில் ஊறப்போட்டதும் பெரியவர்களே. நம்ம ஊரில் மழையை விட முதல் எதிரி கறையான்தான், இதை மறக்கக் கூடாது.

இப்போது ஜல்லிக்கு வருகிறேன். என்னைக் கேட்டால் இந்த முழு வேலையிலும் மிக முக்கியமானது இதுதான், செலவு மிகக் குறைவானதும் இதுதான்.

ரயில் பாதையில் எதற்காக ஜல்லி கொட்டுகிறார்கள்? வண்டியின் கனத்தைப் பரவலாகத் தரையில் இறக்க, கட்டை நகராமல் பிடித்துக்கொள்ள, மழைத் தண்ணீர் தங்காமல் இறங்க. இந்த மூன்றும் நடக்கவேண்டுமானால் கல் உடைத்த கல்லாக, முனை முனையாக இருக்கவேண்டும். ஒன்றின் முனை இன்னொன்றின் சந்தில் மாட்டிக்கொள்ளும். ஆற்று மணலும் கூழாங்கல்லும் உருண்டை. பார்க்க அழகாக இருக்கும், ஒரு மழைக்கு உருண்டு போய்விடும். இந்திய ரயில்வே போடும் ஜல்லி 65 முதல் 20 மில்லிமீட்டர். நம் அளவுக்குச் சுருக்கினால் 3 முதல் 1 மில்லிமீட்டர். ஆனால் மழைத்துளியை யாரும் 22.5-ஆல் வகுத்துத் தரப் போவதில்லை! ஒரு மில்லிமீட்டர் கல்லை ஐப்பசி மழை அடித்துக்கொண்டு போய்விடும். அதனால் கொஞ்சம் பெரிதாக, 2 முதல் 5 மில்லிமீட்டர் வைத்துக்கொண்டோம். இதற்குத் தனியாக எதுவும் வாங்க வேண்டாம். எம்-சாண்டைச் சலித்தால் சல்லடையில் நிற்பதே போதும். கீழே விழுந்த தூள் மலை பூசும் கலவைக்கு ஆயிற்று.

வேலை முறை இதுதான். நூல் கட்டி அரை அடி அகலம், நாலு அங்குல ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டினோம். அடியில் பழைய சிமென்ட் சாக்கைக் கிழித்து விரித்தோம். தண்ணீர் இறங்கும், அருகம்புல் மேலே வருவது மட்டுப்படும். பிள்ளையாருக்கு உகந்தது என்பது சரி, தண்டவாளத்துக்கு அருகம்புல் ஆகவே ஆகாது. சாக்கின் மேல் முக்கால் ஜல்லி இரண்டு அங்குலம். அதன் மேல் தூளோடு சேர்ந்த கால் அங்குல சிப்ஸ் இரண்டு அங்குலம், தண்ணீர் தெளித்துத் திமிசு போட்டோம். தூள் கலந்திருந்தால்தான் இறுகும். ரசமட்டம் வைத்துப் பார்த்து, அதன் மேல் தண்டவாளத்தை வைத்து, சலித்த கல்லைக் கட்டைகளுக்கு நடுவே கொட்டிப் பெயின்ட் பிரஷ்ஷால் ஒதுக்கிவிட்டோம். கட்டையின் இரு ஓரத்திலும் ஓர் அங்குலத் தோள் விடவேண்டும். அது இல்லாவிட்டால் வளைவில் பாதை வெளிப்பக்கம் தள்ளும். ஏற்றம் மீட்டருக்கு இரண்டு சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது.

நம் கொத்தனார் ஒரு யோசனை சொன்னார்: "எதுக்கு சார் இந்தப் பாடு, சிமென்ட் கரைச்சு ஊத்திடலாம், கல்லு மாதிரி நிக்கும்." நிற்கும்தான். அதனால்தான் வேண்டாம் என்றோம். ஜனவரி விடியற்காலைக்கும் மே மாத மத்தியானத்துக்கும் நடுவே அந்தப் பட்டையின் சூடு 40 டிகிரியாவது மாறும். 12 அடிப் பட்டை அதில் 3 மில்லிமீட்டருக்கு மேல் நீளும். 22 அடி நேர்ப்பாதை முழுவதும் சேர்ந்தால் 6 மில்லிமீட்டர். சிமென்டில் பிடித்து வைத்தால் அந்த ஆறு மில்லிமீட்டர் எங்கே போகும்? பாம்பு மாதிரி நெளியும். ஜல்லியில் மிதந்தால் தானே நகர்ந்து தானே திரும்பும். இணைப்புகளில் இடைவெளி விட்டு, வெளிப்பக்கம் மட்டும் சின்னப் பட்டை வைத்து, நீள்துளையில் ஒரு போல்ட் போட்டிருக்கிறோம். உள்பக்கம் வைத்தால் சக்கரத்தின் விளிம்பு இடிக்கும். ஆட்கள் மிதித்துக் கடக்கும் லெவல் கிராஸிங்கில் மட்டும் பாதைக்கு வெளியே, இரு பக்கமும் கலவை போட்டோம். பெவிகாலைத் தண்ணீரில் கரைத்து ஜல்லியை ஒட்டுவது வீட்டுக்குள் மேசை மேல் ஓடும் ரயிலுக்குச் சரி. வெளியே ஒரு மழையில் வெள்ளையாகக் குழைந்துவிடும்.

கல்லைப் பற்றி இடையில் ஒன்று. பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்து நீலக் கருங்கல்லுக்கு சார்னோகைட் என்று பெயர். கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற வெள்ளைக்காரரின் கல்லறைக் கல் இங்கிருந்து போனது. அதை வைத்துத்தான் நிலவியலாளர்கள் அந்தப் பெயரை வைத்தார்கள். வாசலில் கொட்டிக் கிடக்கும்போது நாம் திட்டுகிற கல்லுக்கு உலகம் முழுக்கப் பெயர் இருக்கிறது.

மலை அந்த இடிபாடுகளிலேயே செய்தது. உடைந்த செங்கல், டைல்ஸ் துண்டுகளை அடுக்கி, பழைய பருத்தித் துணியைச் சிமென்ட் பாலில் தோய்த்து இரண்டு சுற்று மேலே போர்த்தி, எம்-சாண்ட் தூள் கலவையைக் கையால் பூசினோம். ஏழு நாள் தண்ணீர் காட்டினோம். கடைசிப் பூச்சில் கொஞ்சம் சிவப்பு ஆக்சைடு, கொஞ்சம் கரித்தூள். சிமென்ட் கையை அரித்துவிடும் என்பதால் பிள்ளைகளுக்குக் கையுறை போடாமல் பாண்டைத் தொட விடவில்லை. குகை என்று நீங்கள் பார்ப்பது 20 லிட்டர் பெயின்ட் வாளி. அடிப்பாகத்தை வெட்டிவிட்டுப் படுக்க வைத்து, மூன்றில் ஒரு பங்கு மண்ணில் புதைத்திருக்கிறது. வளைவில் வண்டியின் நடுப்பாகம் உள்பக்கம் தள்ளும், முனைகள் வெளிப்பக்கம் தள்ளும். ஆகவே அட்டையில் வண்டியின் முகப்பை வெட்டி, அதை ஓட்டிப் பார்த்த பிறகே மேலே பூசவேண்டும்.

ஸ்டேஷன் கட்டடம் பெயர்ப்பலகைக் கடையில் மிஞ்சிய சன்போர்டு. பிளாட்பாரம் கிரானைட் துண்டு. மஞ்சள் பலகையில் கருப்பு எழுத்தில் ஊர்ப் பெயர் எழுதவேண்டும் அல்லவா? எந்தத் தெருவின் பெயர் என்று பெரியவர்கள் மூன்று வாரம் பேசினோம். பிள்ளைகள் ஒருநாள் "வடக்குச் சுவர்" என்று எழுதிவிட்டுப் போய்விட்டார்கள். அதுவே நிலைத்துவிட்டது.

செடிகளில் கணக்கு சுலபம். ஓர் அடித் துளசி என்றால் 22 அடி மரம். சின்ன இட்லிப்பூச் செடியைக் கத்தரித்து நிறுத்தினால் ஆலமரம் போல இருக்கும். பத்துமணிப் பூ புதருக்கு. மனிதர்கள் மூன்று அங்குல உயரம். குளம் கேட்டார்கள், தரவில்லை. தேங்கிய தண்ணீர் என்றால் டெங்கு கொசு. பச்சை நிற டைல்ஸ் துண்டைப் பதித்து, அதுதான் ஏரி என்று சொல்லிவிட்டோம்.

மழைக்காலம் எப்படிப் போயிற்று என்று கேட்பீர்கள். சுற்றின் குறுக்கே மூன்று இடத்தில் இரண்டு அங்குல பி.வி.சி. குழாய் கீழே போகிறது. சுவரோரத் தண்ணீர் அதன் வழியாக மழைநீர்ச் சேகரிப்புக் குழிக்குப் போனது. பாதை இரண்டு இடத்தில் கொஞ்சம் அமுங்கியது. பெருச்சாளி ஓர் இடத்தில் தோண்டியது. காகம் ஸ்டேஷன் மாஸ்டரைத் தூக்கிக்கொண்டு போனது. அமுங்கிய இடத்தைக் கண்டுபிடித்தது ரசமட்டம் இல்லை. நம் சி பிளாக் பெரியவர் நாற்பது வருஷம் மீட்டர் கேஜ் பாதையில் கேங்மேனாக இருந்து கேங்மேட்டாக ஓய்வு பெற்றவர். குனிய முடியாது. நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்து, "மூணாவது ஜாயின்ட்டுல பள்ளம், பேக்கிங் குடு" என்பார். தண்டவாளத்தை லேசாகத் தூக்கி, கட்டைக்கு அடியில் கல்லைத் தள்ளிக் குத்துவதுதான் பேக்கிங். எட்டு வயதுப் பையன்கள் அதை இப்போது நன்றாகச் செய்கிறார்கள். அவர் இந்த மூன்று மாதத்தில் மாலை நேரத்தில் கீழே இறங்காத நாள் நாலோ ஐந்தோதான். அதற்கு முன் அவரை நாம் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்?

இனி கணக்கு. அலுமினியம் 1,225. ஜல்லி, சிப்ஸ், எம்-சாண்ட் பதினாலு மூட்டை 840. இதில் பாதைக்குப் போனது 12 கனஅடிதான். சிமென்ட் ஒரு மூட்டை 430. பசை 380. கறையான் மருந்து 240. போல்ட், ஆணி 160. ஆக்சைடு, பெயின்ட் 120. செடிகள் 300. ஆக மொத்தம் 3,695 ரூபாய். சங்கம் அனுமதித்தது 5,000. மீதி 1,305 ரசீதுகளோடு பொருளாளரிடம் போன வாரமே சேர்ந்துவிட்டது. இன்ஜினும் இரண்டு பெட்டிகளும் என் சொந்தப் பொருள், சங்கக் கணக்கில் வராது. அது பேட்டரியில் ஓடுகிறது, தண்டவாளத்தில் மின்சாரம் கிடையாது. ஷாக் அடிக்குமா என்று கேட்ட தாய்மார்கள் தைரியமாக இருக்கலாம்.

வண்டி நிறுத்துமிடம் பற்றி. சுவரோரம் இன்னும் 12 அடி காலியாக இருக்கிறது. அதில் ஆறு இரு சக்கர வண்டிகள் நிற்கலாம் என்கிறார்கள், நானும் அளந்து பார்த்தேன், நிற்கும். அந்த ஆறு பேருடைய கஷ்டம் எனக்குப் புரிகிறது, அதில் ஒருவர் என் எதிர்வீட்டுக்காரர். அந்த 12 அடியை அவர்களுக்கே கொடுங்கள் என்பது என் கருத்து. அடைத்துப் பேவர் பிளாக் போடாமல், நடுவில் புல் வளரும் ஓட்டைக் கல்லாகப் போட்டால் குழிக்குத் தண்ணீர் போகும். போட்டிருக்கும் 28 அடியை மட்டும் எடுக்கவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அடுத்த மாதம் கமிட்டி முடிவெடுக்கும்போது, ஒருநாள் சாயங்காலம் ஐந்தரை மணிக்கு வந்து பார்த்துவிட்டு எடுங்கள்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு ஜல்லி சலிக்கிறோம். சல்லடை இரண்டுதான் இருக்கிறது, வீட்டில் இருப்பவர்கள் எடுத்து வாருங்கள். காலி பெயின்ட் வாளியை யாரும் பழைய பேப்பர்காரரிடம் போடவேண்டாம், காவலாளி அறையில் வைத்துவிடுங்கள். புது ஸ்டேஷன் மாஸ்டர் ஒருவரும் தேவைப்படுகிறார். மூன்று அங்குல உயரம், காகத்துக்குப் பிடிக்காத நிறம்.