சளி பிடித்தால் வீட்டில் என்ன செய்யலாம்?



மழைக்காலம் தொடங்கிவிட்டால் எங்கள் தோட்டப் பள்ளியில் பாடம் சொல்லும் குரலைவிட இருமல் சத்தந்தான் அதிகமாகக் கேட்கும். "தலைக்குக் குளித்தேன் டீச்சர், அதனால்தான்" என்பான் ஒருவன். "ஐஸ் கச்சாங் சாப்பிட்டேன்" என்பாள் இன்னொருத்தி. உண்மையில் சளி, தலையில் கோத்துக்கொண்ட நீரால் வருவதல்ல. வைரஸ் என்னும் நுண்கிருமிகள் மூக்கிலும் தொண்டையிலும் குடியேறுவதால் வருவது. அவற்றுள் இருநூறுக்கு மேற்பட்ட வகைகள் உண்டு. இங்கிலாந்தில் சாலிஸ்பரி நகருக்கு அருகே 1946 முதல் 1990 வரை இதற்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் இயங்கியது. ஆயிரக்கணக்கானோர் அங்கே தங்கி, வேண்டுமென்றே சளியை ஏற்றுக்கொண்டனர். அப்படியும் சளியைத் தீர்க்கும் மருந்து கிடைத்தபாடில்லை!

ஆகவே, அதை விரட்டுவது நம் உடம்புதான். ஏழு முதல் பத்து நாளில் பெரும்பாலும் விரட்டிவிடும்; இருமல் மட்டும் இரண்டு மூன்று வாரம் இழுக்கலாம். நாம் செய்யக்கூடியது, அந்த வேலைக்குத் துணை நிற்பது. முதல் துணை ஓய்வு. விடியற்காலையில் வேலைக்குப் போகும் தாய்மாருக்கு இது எளிதல்ல என்பது எனக்குத் தெரியும். ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் ஒரு நாள் கூலி போய்விடும். பிள்ளையையாவது ஓரிரு நாள் வீட்டில் படுக்க வையுங்கள். வருகைப் பதிவேட்டைப் பற்றி ஆசிரியர்கள் கவலைப்பட்டுக்கொள்கிறோம்.

மிளகு ரசம், கஞ்சி, சுக்குமல்லிக் காப்பி எல்லாம் நல்லவைதாம். இவை கிருமியைக் கொல்வதில்லை. சூடான நீராகாரம் தொண்டைக்கு இதமளித்து, கெட்டிச் சளியை இளக்கும். தொண்டை கரகரத்தால் ஒரு குவளை வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்புப் போட்டுக் கொப்பளிக்கலாம். கொப்பளிக்கத் தெரியாத சிறுவருக்கு இது வேண்டாம்.

தேனைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இரவில் படுக்குமுன் ஒரு தேக்கரண்டி தேன் கொடுத்தால் பிள்ளைகளின் இருமல் தணியும். ஆனால், ஒரு வயது நிறையாத குழந்தையின் நாக்கில் ஒரு துளிகூடத் தடவாதீர்கள். தேனில் சில வேளைகளில் ஒருவகைக் கிருமியின் வித்துகள் இருக்கும். பச்சைக் குழந்தையின் குடலில் அவை முளைத்து நஞ்சைச் சுரந்தால் தசைகள் தளர்ந்து மூச்சே நின்றுபோகலாம். பாட்டிமார்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, மறுத்துவிடுங்கள்.

ஆவி பிடிப்பதும் அப்படித்தான். கொதிக்கும் சட்டியை மடிக்கருகில் வைத்து, பிள்ளையைப் போர்வைக்குள் உட்கார வைக்கிறோம். அது ஒருமுறை அசைந்தால் போதும், சட்டி கவிழ்ந்து தொடையெல்லாம் வெந்துவிடும். சளி ஒரு வாரத்தில் போய்விடும். தீப்புண் தழும்பு போகாது. மூக்கடைப்புக்கு மருந்துக் கடையில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டு மருந்தே போதும். கற்பூரம் கலந்த தைலத்தைக் கைக்குழந்தைக்குத் தடவவே வேண்டாம்.

சளி பிடித்த பிறகு வைட்டமின் சி மாத்திரை விழுங்குவதால் பெரிய பயன் தெரியவில்லை. அந்தக் காசுக்குக் கொய்யாப்பழம் வாங்கலாம். அதுபோலவே, சென்ற முறை மிஞ்சிய ஆண்டிபயாடிக் மாத்திரையை எடுத்துக் கொடுப்பதும் வீண். அது பாக்டீரியாவுக்கான மருந்து. வைரஸை ஒன்றும் செய்யாது.

பிள்ளை மூச்சுவிடும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தால், பால் குடிக்க மறுத்தால், கைவைத்தியம் போதாது; உடனே கிளினிக்குக் கொண்டுபோங்கள். மூக்கொழுகல் இல்லாமல் திடீரென்று கடுங்காய்ச்சலும் கண்ணுக்குப் பின்னால் வலியும் வந்தால் அது டெங்கியாக இருக்கலாம். அப்போது ஆஸ்பிரின் கொடுத்தால் இரத்தக்கசிவு ஏற்படும் அபாயம் உண்டு. காய்ச்சல் தொடங்கிய நாளைக் குறித்து வைத்துக்கொண்டு போய், டாக்டரிடம் சொல்லுங்கள். இரத்தப் பரிசோதனைக்கு அந்தக் கணக்கு அவருக்குத் தேவைப்படும்.