கொன்னையும் கேட்போர் செவியும்

வெள்ளவத்தைப் புகையிரத நிலையத்தில், கொம்பனித்தெருவுக்குச் செல்ல வேண்டிய ஒருவர், தம் முறை வந்ததும் மருதானைக்குச் சீட்டுக் கேட்கின்றார் என்று வைத்துக்கொள்ளலாம். மருதானை அப்பால் உள்ள நிலையம் என்பது அவருக்குத் தெரியும். ஆயினும் ‘கொ’ என்ற எழுத்தில் நா நின்றுவிடும், ‘ம’ எளிதில் வரும் என்பதும் அவருக்குத் தெரியும். ஆகவே சீட்டு மருதானைக்கு, இறங்குவது கொம்பனித்தெருவில்.

திக்குவாய் என்றும் கொன்னை என்றும் வழங்கும் இத்தடை உடையோர் பலர் இத்தகைய தந்திரங்களிலேயே நாளைக் கழிக்கின்றனர். ஊர்ப்பெயரை மாற்றிச் சொல்லலாம். சொந்தப் பெயருக்கு மாற்றுச் சொல் ஏது? பெயரைச் சொல்லத் தயங்குகின்றவனை ஐயுறுவது உலக வழக்கம். போர் நடந்த ஆண்டுகளில், சோதனைச் சாவடியில் நின்று தம் பெயரைச் சொல்லத் திணறுவது எத்துணை அச்சம் தந்திருக்கும்! இன்றும், சிங்களத்தில் மறுமொழி கூற முயலும் தமிழர் ஒருவர் திக்கினால், அவருக்கு அம்மொழி தெரியாது என்று முடிவு கட்டிவிடுவோர் உளர்.

இது நரம்புத் தளர்ச்சியன்று, அறிவுக் குறைவுமன்று. பேச்சை இயக்கும் மூளைப் பகுதிகளின் செயற்பாட்டு வேறுபாடும் பரம்பரையும் இதற்குக் காரணமாவன என்று ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர். பெரும்பாலும் இரண்டு முதல் ஐந்து வயதுக்குள் தோன்றும். குழந்தைகள் பலருக்குத் தானே நீங்கிவிடும். வளர்ந்தோரில் ஏறக்குறைய நூற்றுக்கு ஒருவரிடம் நிலைத்திருக்கும். தேவாரம் பாடும்போது திக்காதவர், அடுத்த வீட்டாரிடம் நேரம் கேட்கும்போது திக்குவார். இதனாலேயே ‘வேண்டுமென்றே செய்கின்றான்’ என்ற பழியும் வந்து சேர்கின்றது.

இலங்கையும் ஆறாம் ஜோர்ஜ் மன்னரின் ஆட்சிக்குட்பட்டிருந்த காலத்தில், 1939 செப்டெம்பர் 3 ஆம் நாள், அவர் போர்ச் செய்தியை வானொலியில் உரைத்தார். அவரும் திக்குவாயரே. 1926 முதல் அவருக்குப் பயிற்சி அளித்த லயனல் லோக், எங்கெங்கு நிறுத்தலாம் என்று உரைப் பிரதியில் குறியிட்டுக் கொடுத்தார். அரசர் நிறுத்தியபோது உலகம் காத்திருந்தது. சீட்டுக் கேட்பவருக்குப் பின்னால் நிற்கும் வரிசை அவ்வாறு காத்திருப்பதில்லை.

ஆதலால் கேட்டுப் பெறவேண்டியுள்ளது. “எனக்குத் திக்குவாய் உண்டு, சொல்லி முடிக்கச் சற்று நேரம் எடுக்கும், என் சொல்லை நீங்கள் முடித்து வைக்க வேண்டாம்.” முன்கூட்டியே இவ்வளவு சொல்லிவிட்டால், மறைப்பதற்குச் செலவாகும் பாடு பெரிதும் குறைகின்றது. இதனை மன்னிப்புக் கேட்கும் குரலில் சொல்லுதல் ஆகாது. மன்னிக்க இங்கே குற்றம் யாதுமில்லை. சாதாரணமாகச் சொன்னாலே கேட்போரும் சாதாரணமாக ஏற்றுக்கொள்கின்றனர். ‘மெதுவாகப் பேசு’, ‘மூச்சை இழுத்துவிடு’ என்று அன்போடு கூறும் அறிவுரையும் பெரும்பாலும் பயன்படுவதில்லை. பேசுபவர் முகத்தை நோக்கியவாறு வாளாவிருத்தலே போதும்.

பாடசாலையில் இது இன்னும் எளிது. இடாப்பில் பெயர் வாசிக்கும்போது பிள்ளை கையை உயர்த்தினால் என்ன குறைந்துவிடும்? வாய்மொழிப் பரீட்சைக்குச் சில நிமிடங்கள் கூட்டிக் கொடுப்பதும், தனியறையில் நடத்துவதும் சலுகைகள் அல்ல. அங்கே அளக்கப்படுவது அறிவேயன்றி வேகமன்று. 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம், மாற்றுத்திறனாளரை வேலைக்கோ கல்விக்கோ சேர்ப்பதில் பாகுபாடு காட்டலாகாது என்கின்றது. இலங்கை 2016 இல் ஏற்று உறுதிப்படுத்திய ஐக்கிய நாடுகள் உடன்படிக்கை, உரிய வசதியைச் செய்து கொடுக்க மறுப்பதையும் பாகுபாடாகவே கொள்கின்றது.

தொலைபேசிதான் இவர்களுக்கு எல்லாவற்றிலும் கொடியது. அங்கே முகம் தெரியாது. திணறல் வெறும் மௌனமாகவே மறுமுனையை எட்டும். இரண்டு முறை ‘ஹலோ’ என்றபின் இணைப்பைத் துண்டித்துவிடுவர். வங்கிகளும் வைத்தியசாலைகளும் எழுத்தில் செய்தி அனுப்பவும் ஒரு வழியைத் திறந்து வைக்கலாம். அழைப்பை ஏற்போர் பத்து விநாடி கூடுதலாகக் காத்திருக்கலாம்.