வலையில் சிக்காத மீன் இறந்த மீனா?



மீன்களின் வளர்ச்சியையும் இறப்பையும் இருப்பையும் பற்றிப் பேசத் திருப்பதியில் கூடியிருக்கிறோம். இது பொருத்தமான இடம். 2022-இல் சித்தூர், நெல்லூர் மாவட்டங்களிலிருந்து திருப்பதி மாவட்டம் பிரிந்தபோது சூலூர்ப்பேட்டையும் தடாவும் இதில் சேர்ந்தன. அவற்றோடு பழவேற்காடு ஏரியின் பெரும்பரப்பும் வந்தது. இந்திய உவர்நீர் ஏரிகளில் சில்காவுக்கு அடுத்துப் பெரியது அதுவே.

குளிர்நாட்டு மீன்களின் வயதைச் செதிலிலும் செவிக்கல்லிலும் உள்ள ஆண்டு வளையங்கள் காட்டிவிடும். நம் வெப்ப நீரில் அவை தெளிவாக விழுவதில்லை. அதனால் 1892-இல் பீட்டர்சன் காட்டிய வழியில், மாதந்தோறும் மீன்களின் நீளத்தை அளந்து வளர்ச்சியைக் கணிக்கிறோம். மீன்பிடிப்பால் நேரும் இறப்பையும் இயற்கை இறப்பையும் பிரித்துப் பார்க்க, 1957-இல் பெவர்ட்டனும் ஹோல்ட்டும் எழுதிய நூல் துணை செய்கிறது. 1980-இல் டேனியல் பாலி 175 மீன் இருப்புகளை ஆராய்ந்து, வளர்ச்சியையும் நீரின் வெப்பத்தையும் கொண்டு இயற்கை இறப்பைக் கணிக்கும் சமன்பாட்டைத் தந்தார்.

நாம் வழக்கமாகப் போடும் இறப்புக் கணக்கு ஓர் அனுமானத்தின்மேல் நிற்கிறது: மாதிரியில் காணாமல்போன மீன் இறந்த மீன். பழவேற்காட்டில் இது பொருந்தாது. மடவை முட்டையிடக் கடலுக்குப் போகிறது. வெள்ளை இறால் குஞ்சாக ஏரிக்குள் வந்து, வளர்ந்ததும் கடலுக்குத் திரும்புகிறது. இப்படி மாதிரியில் பெரிய மீன்கள் குறைந்ததும், இறப்பைக் கணிக்க நாம் வரையும் கோடு செங்குத்தாகச் சரிகிறது. கடலுக்குப் போனவற்றையும் இறந்தவையாக எண்ணி, பிடிப்பு மிஞ்சிவிட்டது என்று மீனவர்மேல் பழி போடுகிறோம்.

ஏரி கடலோடு சேரும் முகத்துவாரம் மணலால் தூர்ந்தாலோ கணக்கு மறுபுறம் பிசகுகிறது. வெளியேற முடியாத மீன்கள் ஏரியிலேயே தங்குவதால் இறப்பு குறைந்ததுபோல் தோன்றும். புதுக்குஞ்சுகளின் வரவோ நின்றிருக்கும்.

ஆகவே மூன்று கடமைகளை இந்த அவையின் முன் வைக்கிறேன். முகத்துவாரம் எந்த மாதம் திறந்திருந்தது, எந்த மாதம் அடைபட்டது என்பதை நீள அளவுகளோடு சேர்த்தே பதிய வேண்டும். ஏரியைப் பகிரும் இரு மாநிலங்களின் கரைகளிலும் இறங்கும் மீனை ஒரே ஏரியின் மீனாக எண்ண வேண்டும். மூன்றாவதாக, பிடித்த எடையோடு பிடிமுயற்சியையும் குறிக்க வேண்டும். இதற்கு மீனவர்களின் பாடு முறையே கைகொடுக்கும். எந்த இடத்தில் யார் வலை விடுவது என்பதை அவர்கள் முறைவைத்துப் பகிர்ந்துகொள்கிறார்கள். அந்த முறைவரிசை தெரிந்தால் உழைப்பின் அளவும் தெரியும். அவர்களை ஆய்வின் பங்காளிகளாகச் சேர்க்காமல் இந்தக் கணக்கு நேராகாது.

வலைக்கண்ணின் அளவையும் தடைக்காலத்தையும் பரிந்துரைக்கும் உரிமை நமக்கு வேண்டுமானால், நாம் சொல்லும் இறப்பு வீதம் அந்த ஏரிக்கு உண்மையானதாக இருக்க வேண்டும். இங்கே படிக்கப்படும் ஒவ்வொரு கட்டுரையையும் ‘வலையில் சிக்காத மீன் இறந்த மீனா?’ என்ற ஒரு கேள்வியோடு அணுகுங்கள் என்று வேண்டி, கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.