மஞ்சப்பை தைக்கலாம், வாங்க

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



செயலாளர் என்னைப் பேசக் கூப்பிட்டபோது, வருமான வரி பற்றித்தான் இருக்கும் என்று நினைத்தேன். பேங்க்கில் கிளார்க்காக இருந்து ரிடையர் ஆனவனிடம் வேறு என்ன கேட்பார்கள்? "தையல் பற்றிப் பேசுங்க சார், உங்க பையைத்தான் எல்லாரும் விசாரிக்கிறாங்க" என்றார். பக்கத்தில் நின்ற என் மனைவிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மெஷின் அவளுடையது. முழங்கால் வலியால் அவள் மிதிப்பதை விட்ட பிறகுதான் நான் உட்கார்ந்தேன். எனக்கு வயது அப்போதே அறுபத்திரண்டு.

பிளாஸ்டிக் பைக்கு நம் மாநிலத்தில் 2019 ஜனவரி 1 முதல் தடை. 2021 டிசம்பர் 23-இல் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தை முதலமைச்சர் தொடங்கி வைத்தார். பத்து ரூபாய் போட்டால் பை தரும் இயந்திரம்கூட வந்துவிட்டது. ஆனாலும் நம் கேட்டுக்குள் தினமும் எத்தனை கேரி பேக் வருகிறது என்பது குப்பை பிரிக்கும் அம்மாவுக்குத் தெரியும். தியாகராஜர் மில் இருக்கிற ஊர் நம் கப்பலூர். 1936-இல் கருமுத்து தியாகராசர் தொடங்கிய மில். பஞ்சு நூலாகிற ஊரில் இருந்துகொண்டு, காய் வாங்கக் கையை வீசிக்கொண்டு போகிறோம்.

எனக்கு மஞ்சப்பை மேல் அக்கறை வந்ததற்குக் காரணம் வேறு. சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு கிராமத்துக் கிளையில் இருந்தேன். கக்கத்தில் மஞ்சப்பையோடு ஒரு பெரியவர் கவுண்டருக்கு வந்தார். "அடுத்த மஞ்சப்பை வந்துருச்சு" என்று பக்கத்து சீட்டுக்காரரிடம் சொன்னேன். மெதுவாகத்தான் சொன்னேன். ஆனால் அவர் காதில் விழுந்துவிட்டது. ஒன்றும் பேசாமல் நின்றார். அரை மணி நேரம் நிற்க வைத்தேன். அப்புறம் பையைத் திறந்தார். ஆறு வருஷத்து ரசீதுகள், தேதிவாரியாக. பாஸ்புக் தனியாக ஒரு சின்னத் துணியுறைக்குள். எங்கள் ஃபைல்கள்கூட அவ்வளவு ஒழுங்காக இருந்ததில்லை. பையின் ஓரம் இரட்டைத் தையல். "வீட்டுல தச்சது சார், பழைய வேட்டி" என்றார். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அதற்குப் பிறகு அவரைப் பார்க்கவும் இல்லை.

சரி, தையலுக்கு வருகிறேன்.

புத்தகம் பார்த்துத் தைத்த என் முதல் பை சின்னதாகப் போய்விட்டது. காரணம், கொடுத்த அளவு தைத்து முடித்த பையின் அளவா, வெட்ட வேண்டிய துணியின் அளவா என்று அதில் எழுதவில்லை. நமக்குப் புரிகிற மாதிரி சொன்னால், கிராஸ் சம்பளமா, பிடித்தம் போக நெட்டா என்று சொல்லாமல் ஒரு தொகையை மட்டும் எழுதின மாதிரி. தையலுக்குள் போகிற துணியை டெய்லர்கள் மார்ஜின் என்பார்கள். நான் சொல்வதெல்லாம் மார்ஜினோடு சேர்த்து வெட்ட வேண்டிய அளவு.

சின்ன வயதில் புது மண்டபத்தில் தூணுக்குத் தூண் டெய்லர்கள் உட்கார்ந்திருந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அந்தக் கடைகள் இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன. சாமி கும்பிட்டுத் திரும்புவதற்குள் பாவாடை தயாராக இருக்கும். அவர்களுக்குக் கண்ணே அளவு. நமக்குக் காகிதம் வேண்டும். செய்தித்தாளை விரித்து, 16 அங்குலம் அகலம், 18 அங்குலம் உயரத்துக்கு ஒரு கட்டம் போட்டு வெட்டுங்கள். 16 அங்குல ஓரங்களில் ஒன்றில் 'மடிப்பு, வெட்டாதே' என்று பெரிதாக எழுதுங்கள். மறந்து வெட்டினால் பைக்கு அடிப்பாகம் இருக்காது. நான் வெட்டியிருக்கிறேன்.

36 அங்குல அகலக் காடா துணி ஒன்றரை மீட்டர் வாங்கினால் இரண்டு பை வரும். ஒரு ராத்திரி தண்ணீரில் ஊற வைத்து, காயவைத்து, இஸ்திரி போட்ட பிறகுதான் கத்தரி. காடா சுருங்கும். துணியை இரண்டாக மடித்து, மடிப்பின் மேல் காகிதத்தின் மடிப்பு ஓரத்தை வைத்து வெட்டினால் 16-க்கு 36 துண்டு கிடைக்கும். கைப்பிடிக்கு 4-க்கு 20 அளவில் இரண்டு பட்டை. பழைய பெட்ஷீட்டும் போதும்.

துணியின் நல்ல பக்கம் வெளியே தெரிய மடித்து, இரண்டு ஓரத்தையும் கால் அங்குலத்தில் தையுங்கள். தப்பாகத் தைக்கிற மாதிரி தோன்றும், தப்பில்லை. பிசிறை வெட்டிவிட்டு, உள்பக்கம் வெளியே வரும்படி புரட்டி, அரை அங்குலத்தில் மறுபடி தையுங்கள். பிசிறெல்லாம் உள்ளே அடங்கிவிடும், ஓவர்லாக் தேவையில்லை. அந்தப் பெரியவர் பையிலும் இதே தையல்தான் என்பது எனக்கு ரொம்ப வருஷம் கழித்துப் புரிந்தது.

கைப்பிடிப் பட்டையின் இரு ஓரங்களையும் நடுவுக்கு மடித்து, மறுபடி இரண்டாக மடித்தால் ஓர் அங்குலப் பட்டை. இரு பக்கமும் தையல் ஓட்டுங்கள். பையின் வாயை உள்பக்கமாக அரை அங்குலம், பிறகு ஓர் அங்குலம் மடித்து இஸ்திரி போடுங்கள். ஓரத்திலிருந்து 4 அங்குலம் தள்ளி, கைப்பிடியின் முனையை அந்த மடிப்புக்குள் செருகி, வாயைச் சுற்றித் தையுங்கள். கைப்பிடியை மேல்நோக்கித் திருப்பி, அந்த இடத்தில் ஒரு கட்டமும் அதற்குள் பெருக்கல் குறியும் போடுங்கள். கல்யாணத் தாம்பூலப் பை அறுந்து தேங்காய் தெருவில் உருள்வது இங்கே ஒற்றைத் தையல் போடுவதால்தான். முடித்த பை பதினாலரை அங்குல அகலம், பதினாறரை அங்குல உயரம் இருக்கும். வேண்டுமானால் டேப் வைத்துப் பாருங்கள், கணக்கு டேலி ஆகும்.

காடாவுக்கு 16-ஆம் நம்பர் ஊசி. மெல்லிய ஊசி போட்டால் கைப்பிடி மடிப்பில் முறியும். மெஷினே தொடாதவர்கள் முதல் இரண்டு நாள் நூலே கோர்க்க வேண்டாம். கோடு போட்ட நோட்டுத் தாளை வைத்து, கோட்டின் மேலேயே ஊசியை ஓட்டுங்கள். எனக்கு இது மட்டும் சீக்கிரம் வந்தது. லெட்ஜரில் கோடு தாண்டாமல் எழுதிப் பழகிய கண்!

மஞ்சள் சாயம் வேண்டுமா என்று கேட்டார்கள். சமையல் மஞ்சளில் முக்கினால் வெயிலில் வெளுத்துவிடும். மஞ்சள் நிறத் துணியாகவே வாங்கிக்கொள்வது நல்லது.

அடுத்த ஞாயிறு மாலை நாலு மணிக்கு மெஷினைச் சமுதாயக் கூடத்துக்கு இறக்குகிறேன். தூக்க இரண்டு பையன்கள் வேண்டும். காகித அச்சு நானே பத்து வெட்டி வைக்கிறேன். அவரவர் துணியை ஊற வைத்துக் காயவைத்துக் கொண்டுவாருங்கள். கத்தரிக்கோல் இரண்டாக, காகிதத்துக்கு ஒன்று, துணிக்கு ஒன்று. துணிக் கத்தரியில் காகிதம் வெட்டினால் என் மனைவி எழுந்து போய்விடுவாள், முழங்கால் வலியையும் பார்க்காமல்.