அலுமினியமா, கார்பனா? முதுகைக் கேட்டு முடிவெடுங்கள்

இந்த மேடையில் வழக்கமாக நான் கேள்வி கேட்கிறவன். இன்று என்னையே பேசச் சொல்லிவிட்டார்கள். பந்தய வகை அலுமினிய சைக்கிள் வாங்குவதா, நெடுந்தூர வகை கார்பன் சைக்கிள் வாங்குவதா என்பது தலைப்பு. நான் தகவல் தொடர்புத் துறையில் டிப்ளோமா பெற்றவன், பொறியியல் படித்தவனல்லன். ஆனால் இந்தக் கேள்விக்குச் சொந்தக் காசைச் செலவழித்துப் பதில் தேடியவன். அந்த உரிமையில் பேசுகிறேன்.

முப்பத்தைந்து வயதில் ஒரு ரத்தப் பரிசோதனை செய்தேன். சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, உடம்பை அசைக்காவிட்டால் அடுத்த ஆண்டு மாத்திரைதான் என்றார் மருத்துவர். நம்மவர் வீடுகளில் இந்த நோயைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. என் தாயார் இருபது ஆண்டுகளாக ஊசி போட்டுக்கொள்கிறார். ஓடிப் பார்த்தேன், முழங்கால் ஒத்துழைக்கவில்லை. சரி, சைக்கிள் என்று முடிவெடுத்தேன். கையில் 9,000 ரிங்கிட் இருந்தது. தோட்டத்தில் பால் வாளியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போன என் அப்பா, "ஏன்டா, இந்தக் காசுக்கு ஒரு கப்சாய் மோட்டாரே வாங்கி, மீதியைப் பெட்ரோலுக்கு வச்சுக்கலாமே" என்றார்.

கடையில் இரண்டு வண்டிகள். ஒன்று அலுமினியப் பந்தய வண்டி, நல்ல கியர் பெட்டியுடன். மற்றது கார்பன் நெடுந்தூர வண்டி. அதே விலைக்குள் அடங்க வேண்டுமென்பதால் கியரில் ஒரு படி கீழே. நான் அலுமினியத்தைத் தேர்ந்தெடுத்தேன். காரணத்தை மறைக்காமல் சொல்கிறேன்: பார்க்க மிடுக்காக இருந்தது. கடைக்காரரும் நான் வாரத்தில் எத்தனை மணி நேரம் ஓட்டுவேன், இடுப்பு எப்படி இருக்கிறது என்று எதையும் கேட்கவில்லை. உயரத்தை மட்டும் கேட்டார்.

புத்ராஜெயா சாலைகளில் வண்டி பறந்தது. மிதித்த மிதி வீணாகாமல் முன்னே தள்ளியது. ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை உலு லங்காட்டில் பாத்து 18-லிருந்து கெந்திங் பெராஸ் மலையேறித் திரும்பியபோது, இடது கையின் கடைசி இரு விரல்கள் மரத்துப் போயின. மறுநாள் ஒளிப்பதிவில் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. இப்படியே மூன்று மாதம். பிறகு வண்டி வீட்டு முன்புறத்தில் துணி காயப்போடும் கொடியானது. அடுத்த பரிசோதனையில் சர்க்கரை ஏறியிருந்தது. அப்போதுதான் பயந்து, இந்த விஷயத்தை உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன்.

"அலுமினியம் என்றாலே அப்படித்தான், உடம்பை உலுக்கும்" என்று நண்பர்கள் எல்லாரும் ஒரே தீர்ப்புச் சொன்னார்கள். அதில் பாதி உண்மை உண்டு. அலுமினியத்தின் விறைப்பு எஃகில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். அதை ஈடுகட்டக் குழாயைத் தடிமனாக்குகிறார்கள். 1980-களில் கெனண்டேல் போன்ற நிறுவனங்கள் அப்படித்தான் தொடங்கின. பருத்த குழாய் வளையாது. அந்தக் காலத்தில் அதற்கு மேல் 23 மில்லிமீட்டர் டயர் போட்டு, கல் போலக் காற்றடித்தும் ஓட்டினார்கள். கெட்ட பெயர் உலோகத்துக்கு வந்தது. 1998-ல் இத்தாலியர் மார்கோ பந்தானி டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை வென்றது அலுமினிய வண்டியில்தான் என்பதை மறந்துவிடுகிறோம்.

நான் ஒரு சோதனை செய்தேன். 25 மில்லிமீட்டர் டயரைக் கழற்றி 28 மில்லிமீட்டர் போட்டேன். 100 பி.எஸ்.ஐ. காற்றை 75 ஆகக் குறைத்தேன். இருக்கைத் தண்டை மட்டும் கார்பனுக்கு மாற்றினேன். மொத்தச் செலவு சில நூறு ரிங்கிட். சாலையின் அதிர்வு பாதிக்கு மேல் அடங்கிவிட்டது! சைக்கிளில் மேலும் கீழும் உண்மையில் விட்டுக்கொடுப்பவை டயர், இருக்கை, இருக்கைத் தண்டு ஆகியவைதான். சட்டம் அதற்கு வெகு தூரம் பின்னால் வருகிறது. பழைய பந்தயச் சட்டங்கள் சிலவற்றில் 28 டயர் நுழையாது, வாங்கும்முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

அதிர்வு போனது, கழுத்து வலி போகவில்லை. விரல் மரப்பும் போகவில்லை. ஏனென்றால் அது உலோகத்தின் குற்றமல்ல, வடிவத்தின் குற்றம். பந்தய வண்டியில் கைப்பிடி தாழ்வாகவும் தூரமாகவும் இருக்கும். குனிந்து காற்றைக் கிழிக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். நெடுந்தூர வண்டியில் அதே அளவுச் சட்டத்திலேயே கைப்பிடி இரண்டு மூன்று சென்டிமீட்டர் உயர்ந்து, சற்றே உடம்புக்குப் பக்கத்தில் வரும். மூன்று சென்டிமீட்டர் என்றால் சிரிப்பீர்கள். நாள் முழுக்க ஒப்பனை நாற்காலியிலும் காரிலும் உட்கார்ந்திருக்கும் என் இடுப்புக்கு அது ஓர் உலகம். உடம்பின் எடை உள்ளங்கையில் விழுந்தால் அங்கே ஓடும் நரம்பு நசுங்கும், விரல் மரக்கும். எந்த டயரும் இதைத் தீர்க்காது. குனியும்போது முழங்காலில் இடிக்கும் தொந்தியையும் தீர்க்காது.

ஆகவே கேள்வியே தவறாகக் கேட்கப்படுகிறது என்பது என் கட்சி. 'அலுமினியமா கார்பனா' என்பது இரண்டாவது கேள்வி. 'பந்தய அமர்வா, நிமிர்ந்த அமர்வா' என்பதே முதல் கேள்வி. கடையில் இரண்டையும் ஒன்றாகக் கட்டி வைத்திருப்பதால் நமக்குப் பிரித்துப் பார்க்கத் தோன்றுவதில்லை. நிமிர்ந்த அமர்வுள்ள அலுமினிய வண்டிகளும் இருக்கின்றன. டிரெக் டொமேன் ஏ.எல்., ஜயன்ட் கண்டென்ட் போன்றவை அந்த ரகம். 9,000 ரிங்கிட் கனக்கிற குடும்பத்தில் நான் முதலில் அவற்றைத்தான் காட்டுவேன்.

கார்பனுக்குப் பெருமை இல்லையா? உண்டு. அது இழைகளை அடுக்கடுக்காக ஒட்டிச் செய்வது. இழையை எந்தத் திசையில் வைக்கிறோமோ அந்தத் திசையில் வலிமை. ஆகவே மிதிக்கும் பக்கம் விறைப்பாகவும், இருக்கைப் பக்கம் சற்று நெகிழ்வாகவும் ஒரே சட்டத்தில் செய்ய முடிகிறது. எடை விஷயத்தில் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள். நடுத்தர விலையில் அலுமினியப் பந்தயச் சட்டத்துக்கும் கார்பன் சட்டத்துக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் அரைப் புட்டி தண்ணீருக்கு மேல் இராது. அகல டயர், கனமான சக்கரம் எல்லாம் சேர்த்து நிறுத்தால், சமயத்தில் கார்பன் நெடுந்தூர வண்டியே கனமாக இருக்கும். கடைக்குப் போனால் தராசில் தொங்கவிட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

பாதுகாப்பு பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அலுமினியம் அடிபட்டால் பெரும்பாலும் நசுங்கிக் காட்டிக்கொடுத்துவிடும். கார்பன் வெளியே சாயம் கலையாமல் உள்ளே பிளந்திருக்கலாம். மலையிறக்கத்தில் அது விட்டுப்போனால் என்ன ஆகும் என்று நான் விவரிக்க வேண்டியதில்லை. எனவே யாரோ ஓட்டிய கார்பன் வண்டி பாதி விலைக்கு வருகிறதென்று பாய்ந்து வாங்காதீர்கள். வாங்கத்தான் வேண்டுமென்றால், கார்பன் பழுதுபார்ப்பவரிடம் காட்டிய பிறகு பணம் கொடுங்கள். ஆணிகளை முறுக்க அளவுச் சாவி வேண்டும். கைப்பிடியைப் பிடிக்கும் ஆணிகளுக்குப் பொதுவாக 5 நியூட்டன் மீட்டர்தான். அங்கேயே அளவு எழுதியிருக்கும். அப்பா காலத்துப் பட்டறை முறுக்கு முறுக்கினால் கார்பன் நொறுங்கும். அலுமினியத்துக்கும் நம் ஊரில் ஓர் எதிரி உண்டு, வியர்வை. கைப்பிடி நாடாவுக்கு அடியில் உப்புத் தங்கி அரித்துவிடும். ஆண்டுக்கு ஒருமுறை நாடாவைப் பிரித்துப் பாருங்கள். கார்பன் வண்டி வைத்திருப்பவர்களும் பாருங்கள், அவற்றிலும் பலவற்றில் கைப்பிடி அலுமினியம்தான்.

என் தம்பிக்கு இருபத்திரண்டு வயது. வாராவாரம் பந்தயம் போகிறான், மாதம் ஒருமுறை விழுகிறான். அவனுக்கு அலுமினியப் பந்தய வண்டிதான் சரி என்பேன். விழுந்து சட்டம் போனாலும் கடன் மிஞ்சாது. அவன் முதுகும் வளையும். ஆகவே என் வண்டியை அவனிடமே கொடுத்துவிட்டேன். விலை பற்றிப் பேச அம்மா விடவில்லை.

நான் எட்டு மாதம் பணம் சேர்த்து, முந்தைய ஆண்டு மாடல் கார்பன் நெடுந்தூர வண்டியைத் தள்ளுபடியில் புதிதாக வாங்கினேன். ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்க்க விடாத இரண்டு கடைகளை விட்டு, விட்ட மூன்றாவது கடையில் வாங்கினேன். அன்று நிமிர்ந்த அமர்வில் அலுமினியம் மட்டுமே கிடைத்திருந்தால் அதையே வாங்கியிருப்பேன். இப்போது வாரம் மூன்று நாள், ஏறத்தாழ 100 கிலோமீட்டர். விரல்கள் விழித்திருக்கின்றன. சர்க்கரை எல்லைக்கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டது. மாத்திரை இன்னும் இல்லை.

அப்பா புது வண்டியை ஒற்றைக் கையால் தூக்கிப் பார்த்தார். "கேரியர் எங்கே?" என்றார். அதற்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை. மற்ற கேள்விகளுக்கு நேரம் இருக்கிறது, கேளுங்கள்.