தகப்பன் தராத பணம்



ஜீவனாம்சத்தைப் பற்றிய இந்தக் கருத்தரங்குக்கு விருதுநகரைத் தேர்ந்தெடுத்த அமைப்பாளர்களுக்கு முதலில் நன்றி. நம் சட்டம் மாதச் சம்பளக்காரனை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. சிவகாசி வட்டாரத்தில் கூலி வாரக் கணக்கில் வருகிறது. செய்து முடித்த உருப்படிக்கு ஏற்ப ஏறி இறங்குகிறது. தீபாவளி முடிந்து பட்டாசு ஆபீஸ் பூட்டிக் கிடக்கும் வாரங்களில் நின்றே போகிறது. இந்த மண்ணில் செல்லுபடியாகாத ஜீவனாம்சச் சட்டம் நாட்டின் பெரும்பாலான ஏழைக் குடும்பங்களுக்கும் செல்லுபடியாகாது என்பது என் துணிபு.

ஜீவனாம்சத் தொகையின் வரலாற்றைச் சற்று நினைவூட்டுகிறேன். 1898-ஆம் ஆண்டு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 488-ஆம் பிரிவு, மாதம் 50 ரூபாய்க்கு மேல் கொடுக்கச் சொல்லக்கூடாது என்றது. அது 1923-இல் 100 ஆனது, 1955-இல் 500 ஆனது. அந்த 500 ரூபாய் வரம்பு 2001 வரை, 46 ஆண்டுகள், அசையாமல் நின்றது. விலைவாசி எங்கோ போய்விட்டது. பிள்ளையின் சாப்பாட்டுக்கான உச்சவரம்பு மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. 2001 திருத்தம் அதை நீக்கியதோடு, இடைக்கால ஜீவனாம்ச மனுவை நோட்டீஸ் சார்பு செய்த நாளிலிருந்து 60 நாளுக்குள் முடிக்க முயல வேண்டும் என்றும் சொன்னது. 2020 நவம்பரில் ரஜ்னேஷ் – நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் இரு தரப்பும் சொத்து, வருமான விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும் என்றும், மனுப் போட்ட நாளிலிருந்தே தொகை கணக்காகும் என்றும் வகுத்தது. 488-ஆம் பிரிவின் இடத்தில் பின்னர் வந்த 125-ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவாக இருக்கிறது.

ஆகவே உத்தரவு வாங்குவதற்குச் சட்டம் ஓரளவு வழி செய்திருக்கிறது. உத்தரவு கைக்கு வந்த பிறகுதான் உண்மையான துன்பம் தொடங்குகிறது.

கட்டாதவன் மீது வாரண்ட் கேட்கலாம். பணம் வராவிட்டால், ஒவ்வொரு மாத நிலுவைக்கும் ஒரு மாதம் வரை சிறை. ஆனால் பாக்கி விழுந்த ஓராண்டுக்குள் மனுப் போட்டாக வேண்டும்; தவறினால் அந்தப் பாக்கிக்கு இந்த வழி அடைபட்டுவிடும். சிறை சென்றாலும் கடன் தீராது என்று 1988-இல் குல்தீப் கௌர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொன்னது. நல்ல தீர்ப்பு அது. ஆனால் அந்தத் தொகையை வசூலிக்கிற வேலை முழுவதும் யார் தலையில் விழுகிறது? பட்டாசுச் சரம் பின்னியோ திரி ஏற்றியோ பிழைக்கிற ஒரு பெண்ணின் தலையில். திருப்பூருக்கோ கேரளத்துக்கோ போய்விட்டவனின் விலாசத்தை அவள்தான் தேட வேண்டும். ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவள் ஒருநாள் கூலியை இழக்க வேண்டும். வாரண்ட், ஆள் இல்லை என்று திரும்பிவந்தால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இந்த இடத்தில் மனத்தை உறுத்தும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 2012 செப்டம்பர் 5-இல் முதலிப்பட்டியிலும், 2021 பிப்ரவரி 12-இல் அச்சங்குளத்திலும் நடந்தவை போன்ற பட்டாசு ஆலை வெடிவிபத்துகளை இந்த மாவட்டம் மறக்கவில்லை. அப்படி ஒரு விபத்தில் இ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டில் பதிவுள்ள தகப்பன் இறந்தால், சார்ந்தோர் உதவியில் மனைவிக்கு ஐந்தில் மூன்று பங்கு, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஐந்தில் இரண்டு பங்கு என்று, முழுத் தொகையைத் தாண்டாத வரம்புக்குள், மாதாமாதம் பணம் வரும். வெடிவிபத்தில் பெற்றோரை இழந்த பிள்ளைகளின் படிப்புச் செலவை அரசே ஏற்கும் என்று 2024 நவம்பரில் முதல்வர் இதே விருதுநகரில் அறிவித்தார். இரண்டும் மிகத் தேவையானவை. ஆனால் அதே தெருவில், தகப்பன் உயிரோடு இருந்தும் விட்டுப்போன பிள்ளைக்கு இப்படி உறுதியான எதுவும் இல்லை. பசியில் இந்த இரண்டு பிள்ளைகளுக்கும் என்ன வேறுபாடு?

கணவனால் கைவிடப்பட்ட பெண்களுக்குத் தமிழ்நாடு 1986 முதல் உதவித்தொகை தருகிறது. இப்போது அது மாதம் 1,200 ரூபாய். அதற்கு 30 வயது நிரம்பியிருக்க வேண்டும். கைவிடப்பட்டு 5 ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும், அல்லது நீதிமன்றம் தந்த சட்டப்படியான பிரிவுச் சான்று வேண்டும். 22 வயதுத் தாயின் இடுப்பில் ஒரு வயதுக் குழந்தை இருக்கிறது என்று வையுங்கள். 5 ஆண்டு முடியும்போது குழந்தை ஒன்றாம் வகுப்பில் இருக்கும், தாய்க்கு 27 வயது. இன்னும் 3 ஆண்டு காத்திருக்க வேண்டும். இந்த விதி பெண்ணின் நிலைக்கு இரங்குகிறது, குழந்தையின் வயதைப் பார்க்கவில்லை.

குழந்தையைப் பார்க்கிற திட்டம் மிஷன் வாத்சல்யா. கைம்பெண், மணவிலக்கானவர், கைவிடப்பட்டவர் ஆகியோரின் பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய். ஆனால் கிராமப்புறத்தில் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 72,000 ரூபாயைத் தாண்டக்கூடாது. மாதம் 26 நாள் வேலை என்று வைத்தால் நாளுக்கு ஏறக்குறைய 230 ரூபாய். ஓய்வில்லாமல் வேலைக்குப் போகிற தாய், போகிற காரணத்தினாலேயே தகுதி இழக்கலாம். இந்த வருமான வரம்பை மாற்றும்படி இந்த அவை உரக்கக் கேட்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

என் கருத்து இதுதான்: உத்தரவு பிறந்த மாதமே ஒரு குறைந்தபட்சத் தொகையை அரசு பிள்ளைக்குக் கொடுத்துவிட வேண்டும்; தகப்பனிடம் வசூலிப்பது அரசின் வேலையாக வேண்டும். ஜெர்மனியில் 1980 முதல் இப்படி ஒரு சட்டம் நடக்கிறது. 2017-இல் அது 18 வயது வரை நீட்டிக்கப்பட்டது. கொடுத்ததில் ஐந்தில் ஒரு பங்கு அளவுதான் அங்கே திரும்பி வருகிறது. அதை நான் மறைக்க விரும்பவில்லை. வசூல் இயந்திரம் வலுவான நாட்டிலேயே இந்த நிலை என்றால், தனியொரு பெண் வசூலித்துவிடுவாள் என்று நாம் நம்பியிருப்பது எவ்வளவு பெரிய அநியாயம்!

அரசு கொடுத்தால் ஆண்கள் இன்னும் துணிந்து விட்டுப்போவார்கள் என்று சிலர் சொல்வார்கள். இன்று அவன் ஏமாற்றுவது ஒரு பெண்ணை. நாளை அவன் கடன்பட்டிருப்பது வருவாய்த் துறையிடம். துணிச்சல் எதில் குறையும் என்பதை வழக்கறிஞர்கள் அறிவார்கள். பட்டாசு மருந்து அறையில் கை வெந்து வேலை செய்ய முடியாதவனிடம் வசூலிக்க ஒன்றும் இல்லை என்பதும் உண்மை. அவன் பிள்ளைக்குக் கொடுத்ததை நலச்செலவு என்று எழுதிக்கொள்ளட்டும்.

இதற்கு முன்னுதாரணம் தேடி வெளிநாடு போகவும் தேவையில்லை. 1996 டிசம்பர் 10-இல், சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் பற்றிய எம்.சி. மேத்தா வழக்கில், உச்ச நீதிமன்றம் ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும், குடும்பத்தில் ஒரு பெரியவருக்கு வேலை தர இயலாத அரசு 5,000 ரூபாய் கட்ட வேண்டும், இரண்டும் ஒரு நிதியில் சேர வேண்டும் என்றது. குழந்தைக்கு உரிய பணத்தைத் தாய் துரத்திப் பிடிக்க வேண்டும் என்று அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை.

இந்த இரண்டு நாளில் கட்டுரை படிக்கவிருப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். உத்தரவான தேதிக்கும் முதல் ரூபாய் தாயின் கைக்கு வந்த தேதிக்கும் இடையே எத்தனை மாதம் என்று, வழக்கு வழக்காக, இந்த மாவட்ட நீதிமன்றப் பதிவேடுகளிலிருந்து எடுத்துத் தாருங்கள். அந்தக் கணக்கைத்தான் அரசிடம் கொண்டுபோக வேண்டியிருக்கிறது. முதல் அமர்வில் பேச இருப்பவர்களை மேடைக்கு அழைக்கிறேன்.