கேள்வியும் வசையும்



ஊரைவிட்டு வெகு தூரம் வந்து வாழும் நமக்கு, தமிழ்நாட்டு அரசியல் எந்த வடிவில் வந்து சேருகிறது என்பதைச் சற்று நினைத்துப் பார்ப்போம். ஒரு தலைவர் இரண்டு மணி நேரம் பேசியிருப்பார். ஏரிகளைப் பற்றியும், பள்ளிகளைப் பற்றியும், வரியைப் பற்றியும் ஏதேனும் சொல்லியிருப்பார். நம் காதுக்கு எட்டுவதோ, எதிர்க்கட்சிக்காரரின் குடும்பத்தைப் பற்றி அவர் உதிர்த்த ஒரே ஒரு வாக்கியந்தான். தமிழ்ச் சங்கத்தில் நாம் கூடும்போதும் அந்த வாக்கியத்தை வைத்தே தர்க்கம் செய்கிறோம். அவர் சொன்னது தகுமா, இவர் திருப்பிச் சொன்னது போதுமா என்று பொழுது போகிறது. ஏரி என்னவாயிற்று என்று கேட்பார் இல்லை.

வசைமொழி மனத்தைப் புண்படுத்துகிறது என்று எல்லோரும் சொல்வதுண்டு. அது உண்மையே. ஆயினும் அதைவிடப் பெரிய குறை ஒன்று அதில் இருப்பதாக நமக்குத் தோன்றுகிறது. வசையானது, யார்மீது வீசப்படுகிறதோ அவரையே பல சமயங்களில் காப்பாற்றிவிடுகிறது. ஒருவரை ‘நீர் திருடர்’ என்றால், ‘நீரே திருடர்’ என்று சொல்லிவிட்டு அவர் நடந்துவிடலாம். ‘இந்தத் தொகை யாருடைய உத்தரவின்பேரில், எந்தத் தேதியில் கொடுக்கப்பட்டது?’ என்று கேட்டுவிட்டாலோ, கணக்கைக் கொண்டுவந்து வைத்தாக வேண்டும்.

இதற்கு நம் பாராளுமன்றத்திலேயே ஒரு சான்று உண்டு. 1957-ஆம் ஆண்டு டிசம்பர் 16-ஆம் தேதியன்று, ரேபரேலித் தொகுதியின் அங்கத்தினரான பெரோஸ் காந்தி லோக் சபையில் எழுந்து பேசினார். அவர் ஆளும் கட்சியைச் சேர்ந்தவர். பிரதம மந்திரி நேருவின் மருமகன். அவர் எடுத்துக்கொண்ட விஷயம் பணத்தைப் பற்றியது. அதற்கு முந்திய ஆண்டில்தான் ஆயுள் இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் தேசவுடைமையாக்கப்பட்டு, ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பொரேஷன் தோன்றியிருந்தது. அந்த ஸ்தாபனம், ஹரிதாஸ் முந்த்ரா என்ற முதலாளியின் ஆறு கம்பெனிகளில் ஏறக்குறைய 1¼ கோடி ரூபாயைப் பங்குகளாகப் போட்டிருந்தது. எளிய குடும்பத்தார் பிரீமியமாகக் கட்டிய பணம் அது. அதனை இவ்வாறு போடச் சொன்னவர் யார்? முதலீட்டுக் குழுவைக் கலந்துகொண்டார்களா? கொடுத்த விலை சரியான விலைதானா? சர்ச்சை இவற்றைப் பற்றியதாக இருந்தது.

அப்பொழுது நிதி மந்திரியாக இருந்தவர் சென்னையைச் சேர்ந்த டி. டி. கிருஷ்ணமாச்சாரி. வேற்று மாநிலத்தார் ஒருவர் தமிழர் ஒருவரைத் தாக்கினார் என்று நாம் கொதித்தெழுவதற்கு அங்கே இடம் இருந்திருக்கலாம். பேச்சு அவருடைய பிறப்பையோ ஊரையோ தொட்டிருந்தால், வெளி மாநிலங்களில் வாழ்ந்த தமிழர்கள் அந்த 1¼ கோடியை மறந்து மந்திரியின் பக்கம் நின்றிருப்பார்கள் என்றே நினைக்கிறோம். அக்காலத்துச் சபையில் கேலியும் காரமும் இல்லை என்று எண்ணிவிட வேண்டாம், நிறையவே இருந்தன. ஆனால் இங்கே நின்றது கேள்வி. பம்பாய் ஹைக்கோர்ட்டின் பிரதம நீதிபதி எம். சி. சாக்ளா பகிரங்க விசாரணை நடத்தினார். காரியதரிசி செய்த காரியத்திற்கு மந்திரி பொறுப்பேற்க வேண்டும் என்பது அவர் முடிவு. 1958 பிப்ரவரியில் கிருஷ்ணமாச்சாரி ராஜிநாமாச் செய்தார். 1962-இல் அவர் மீண்டும் மந்திரி சபையில் இடம்பெற்றார். 1963-இல் மறுபடி நிதி மந்திரியும் ஆனார். அது சரியா என்பதில் அபிப்பிராய பேதம் இருக்கலாம். தீர்ப்புப் பெற்றது ஒரு செயல். அதனால் மனிதர் திரும்பி வர வழி இருந்தது என்பது நம் எண்ணம்.

சபையில் சொன்ன சொல்லுக்காக எந்த அங்கத்தினர்மீதும் கோர்ட்டில் வழக்குத் தொடர முடியாது. அரசியல் சட்டத்தின் 105-ஆவது பிரிவு அந்தச் சுதந்திரத்தை அளிக்கிறது. அதனாலேயே லோக் சபையின் விதிகள் சில கட்டுப்பாடுகளை வைத்திருக்கின்றன. ஒருவர்மீது அவதூறான குற்றச்சாட்டுக் கூறவேண்டுமானால், சபாநாயகருக்கும் சம்பந்தப்பட்ட மந்திரிக்கும் முன்னதாக அறிவிக்க வேண்டும். மந்திரி விசாரித்து விடையோடு வரட்டும் என்பதே அதன் நோக்கம். தகாத சொற்களைக் குறிப்பிலிருந்து நீக்கச் சபாநாயகருக்கு அதிகாரம் உண்டு. அச்சான நடவடிக்கைகளில் அந்த இடத்தில் நட்சத்திரக் குறிகள் மட்டுமே நிற்கும். ஐம்பது ஆண்டுகள் கழித்து அந்தப் பக்கத்தைப் புரட்டுகிறவருக்கு, யாரோ யாரையோ ஏதோ சொன்னார் என்பதற்கு மேல் ஒன்றும் கிடைக்காது.

தேர்தல் மேடைக்கும் விதி உண்டு. 1960-இல் கேரளத்துத் தேர்தலின்போது உருவான நடத்தை விதிகள், பொதுப்பணியோடு தொடர்பில்லாத சொந்த வாழ்க்கையை விமரிசிக்கலாகாது என்ற கொள்கைக்கு வழிவகுத்தன. அது எவ்வளவு மதிக்கப்படுகிறது என்பதை நேயர்கள் அறிவார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். கடுமையான கேள்வி கேட்கப்பட்டவுடனே, ‘மரியாதையாகப் பேசுங்கள்’ என்று மரியாதைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும் பெரிய மனிதர்களும் இருக்கிறார்கள். ‘இதற்கு நீங்களே பொறுப்பு’ என்பது கசப்பான சொல்தான், ஆனால் வசையாகாது. பணிவாகக் கேட்கவேண்டும் என்ற பெயரால் கேட்காமலே விடுவது, வசை பேசுபவனுக்கு நிகரான உதவியைத் தவறு செய்தவனுக்குச் செய்வதாகும்.

பெரிய சபைகளை விட்டு நம் சங்கங்களுக்கே வருவோம். ஆண்டுப் பொதுக் கூட்டம் ஒன்றை நாம் கண்டோம். பொங்கல் விழாச் செலவில் பந்தலுக்கான ரசீது எங்கே என்று ஓர் இளைஞர் கேட்டார். ‘நேற்று வந்தவருக்கு இந்தச் சங்கத்தைப் பற்றி என்ன தெரியும்?’ என்றார் பொருளாளர். இளைஞர் முகம் சிவந்து, பொருளாளர் எந்த ஜில்லாக்காரர் என்பதை இழுத்தார். அந்த ஜில்லாக்காரர்கள் பத்துப் பேர் எழுந்துவிட்டார்கள். சமாதானம் செய்து, எல்லோருக்கும் காப்பி கொடுத்து அனுப்ப இரவு பத்து மணியாயிற்று. நாற்காலிகளை மடித்து வைக்கும்போது பார்த்தோம். கணக்குப் புத்தகம் மேஜைமேல் கயிறு அவிழ்க்கப்படாமலே இருந்தது.